வாலன்டியரா வர்றவங்க ஏன் மறுபடி வர்றாங்க, ஏன் சத்தமில்லாம காணாம போறாங்க?

நான் முதல் தடவை வாலன்டியரா போனது ஒரு கண் பரிசோதனை முகாமுக்கு. காலைல 7 மணிக்கு வந்துடுங்கன்னு மெசேஜ், நானும் அலாரம் வச்சு எழுந்து ஆறே முக்காலுக்கே போய் நின்னா கேட்டே திறக்கல. எட்டு மணிக்கு ஒருத்தர் வந்தாரு, "வாலன்டியரா, கொஞ்சம் வெயிட் பண்ணுங்க"ன்னு சொல்லிட்டு போனவரு போனவருதான். ஒன்பதரைக்கு இன்னொருத்தர் வந்து ஹால்ல இருந்த நாற்காலி எல்லாத்தையும் வெளில போடச் சொன்னாரு, போட்டோம். பத்து மணிக்கு மூணாவதா ஒருத்தர் வந்து "யாருங்க வெயில்ல போடச் சொன்னது"ன்னு சத்தம் போட்டாரு, மறுபடி உள்ள தூக்கிட்டு போனோம். மதியம் பேனர் முன்னாடி எல்லாரையும் நிக்க வச்சு போட்டோ. ரெண்டு வாரம் கழிச்சு லேமினேட் எல்லாம் பண்ணி சர்டிபிகேட் வந்துச்சு, அதுல என் பேரு தப்பு. அதுக்கப்புறம் அவங்க கூப்பிடுறப்பல்லாம் எனக்கு கரெக்டா அன்னைக்குன்னு ஒரு வேலை வந்துடும்.

அடுத்து, பார்வை இல்லாத ஸ்டூடண்ட்ஸுக்கு பாடப்புத்தகத்தை வாசிச்சு ரெக்கார்ட் பண்ணிக் குடுக்குற ஒரு டீம்ல சேர்ந்தேன். போட்டோ கிடையாது, சர்டிபிகேட் கிடையாது, ஒரு ரூம்ல தனியா உக்காந்து ஃபேனை ஆஃப் பண்ணிட்டு வேர்க்க வேர்க்க வாசிக்கணும், ஒரு வார்த்தை தடுக்குனா அந்த பாரா முழுக்க திரும்ப. ஆனா இதை வருஷக்கணக்கா செஞ்சிட்டிருக்கேன். ரெண்டுலயும் நான் அதே ஆளுதான், ஒரு இடத்துல மட்டும் ஏன் ஓடி ஒளிஞ்சேன்னு யோசிச்சு கொஞ்சம் படிச்சு கொஞ்சம் பட்டு தெரிஞ்சுகிட்டதை புதுசா வர்றவங்களுக்கும், வாலன்டியர்களை வச்சு வேலை நடத்துறவங்களுக்கும் சேர்த்து எழுதுறேன்.

முதல்ல அடிப்படை. வாலன்டியரிங்னா யாரும் கட்டாயப்படுத்தாம, சம்பளம் வாங்காம, நம்ம வீட்டு ஆளுங்களைத் தாண்டி மத்தவங்களுக்காக நேரம் குடுக்குறது. அவ்வளவுதான் டெஃபனிஷன். இதுல ஒரு விஷயத்தை நிறைய பேரு கவனிக்கிறதில்ல. சம்பளத்துக்கு வேலை பார்க்குறவன் மேனேஜர் மேல கடுப்பானாலும் மாசக் கடைசிய நினைச்சு பல்லைக் கடிச்சிட்டு வந்துடுவான். வாலன்டியருக்கு அந்த கயிறு கிடையாது. பிடிக்கலன்னா சண்டை போட மாட்டாரு, புகார் எழுத மாட்டாரு, அடுத்த வாரம் வர மாட்டாரு. வாட்ஸ்அப் குரூப்ல மெசேஜ் பார்த்துட்டு சும்மா இருப்பாரு. நடத்துறவங்க "இந்தக் காலத்துல யாருக்கும் சேவை மனப்பான்மையே இல்ல"ன்னு புலம்புவாங்க. மனப்பான்மை இருந்ததால தானே முதல் நாள் வந்தாரு?

சரி, ஒருத்தர் எதுக்கு வர்றாரு? நல்ல மனசு, அதான் வர்றாருன்னு சொல்லிட்டுப் போயிடலாம், ஆனா விஷயம் அதை விட சுவாரஸ்யம். 1998ல கிளேரி, ஸ்னைடர்னு அமெரிக்க சைக்காலஜிஸ்ட்டுங்க சில பேரு சேர்ந்து இதை அலசி ஆறு காரணம் சொன்னாங்க. மத்தவங்களுக்கு உதவணும்ங்கிற கொள்கை ஒண்ணு, புதுசா எதையாவது கத்துக்கலாம்னு வர்றது ஒண்ணு, நம்ம பிரெண்ட்ஸ் எல்லாம் போறாங்கன்னு போறது, நாளைக்கு வேலைக்கு உதவும்னு போறது, மனசுல இருக்குற பாரத்தையும் குற்ற உணர்ச்சியையும் கொஞ்சம் இறக்கி வைக்க வர்றது, அப்புறம் நம்மளைப் பத்தி நாமளே கொஞ்சம் நல்லா உணரணும்னு வர்றது. ஒரே ஆளுக்குள்ள இதுல ரெண்டு மூணு கலந்து கிடக்கும். ஆடு மேய்ச்ச மாதிரியும் ஆச்சு அண்ணனுக்கு பொண்ணு பார்த்த மாதிரியும் ஆச்சுன்னு சொல்லுவாங்களே, அந்த மாதிரி. இதுல வெக்கப்பட எதுவும் இல்ல. "அவன் ரெஸ்யூம்ல போட்டுக்கத்தான் வர்றான்"னு கிண்டல் பண்றவங்களை பார்த்திருக்கேன், இருக்கட்டுமே, வந்து ஒழுங்கா வேலை பார்க்குறானா இல்லையா?

இந்த ஆறையும் மனப்பாடம் பண்ணச் சொல்லல. வந்தவருக்கு எது வேணுமோ அது அந்த வேலைல கிடைச்சாதான் அவருக்கு திருப்தி, அவங்க ஆராய்ச்சியிலயும் இதுதான் தெரிய வந்துச்சு. நாலு பேரோட பழகலாம்னு வந்தவரை தனி ரூம்ல உக்கார வச்சு எக்ஸெல் ஷீட்ல டேட்டா என்ட்ரி பண்ணச் சொன்னா அவரு மூணாவது வாரம் வர மாட்டாரு. ஆபீஸ்ல நாள் முழுக்க மனுஷங்களோட மாரடிச்சிட்டு கொஞ்சம் அமைதி கிடைக்கட்டும்னு வந்தவரைக் கொண்டு போய் ரிஜிஸ்ட்ரேஷன் டெஸ்க்ல உக்கார வச்சாலும் அதே கதைதான். ரெக்கார்டிங் டீம்ல இருந்த கோஆர்டினேட்டர் அக்கா முதல் நாள் என்கிட்ட கேட்டது ஒரே கேள்வி, "இங்க வந்தா உங்களுக்கு என்ன கிடைக்கணும்னு நினைக்கிறீங்க?" எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு, சேவை பண்ண வந்தவன்கிட்ட உனக்கு என்ன வேணும்னு கேக்குறாங்களேன்னு. உண்மையைச் சொன்னேன், எனக்கு சத்தமா வாசிக்கப் பிடிக்கும் அக்கா, வீட்ல கேக்க ஆளில்லன்னு. சிரிச்சிட்டாங்க. அன்னைக்கே ஹிஸ்டரி புக்கை எடுத்துக் குடுத்தாங்க, கதை மாதிரி வாசிக்கலாம்னு.

இப்ப சந்தோஷம் எங்க இருந்து வருதுன்னு பார்ப்போம். டெசி, ரையன்னு ரெண்டு பேரு பல வருஷமா மனுஷனோட உள் ஆர்வத்தைப் பத்தி ஆராய்ச்சி பண்ணவங்க. அவங்க சொல்றதை நம்ம பாஷைல சொன்னா மூணு விஷயம். இதை நானா விரும்பி என் இஷ்டப்படி செய்யுறேங்கிற நினைப்பு, இது எனக்கு வருது, என்னால முடியுதுங்கிற நினைப்பு, இங்க இருக்குறவங்க எனக்கு வேண்டியவங்க நானும் அவங்களுக்கு வேண்டியவன்ங்கிற நினைப்பு. இந்த மூணும் இருந்தா கஷ்டமான வேலை கூட பிடிச்சுப் போகும், மூணும் இல்லன்னா சுகமான வேலை கூட கசக்கும். என் நாற்காலி கதைல பாருங்க, மூணுமே அவுட். என் இஷ்டத்துக்கு அங்க வேலையே கிடையாது, நாற்காலி தூக்குறதுல திறமை காட்ட ஒண்ணும் இல்ல, கூட தூக்குனவரு பேரு கூட எனக்குத் தெரியாது.

புது இடத்துக்கு வந்த முதல் ஒரு மணி நேரத்தைப் பத்தி கொஞ்சம் அதிகமாவே சொல்லணும், ஏன்னா நான் பார்த்த வரைக்கும் பாதிப்பேரு அங்கதான் கழண்டுக்கிறாங்க. புதுசா ஒருத்தர் வர்றாரு. அவருக்கு யாரையும் தெரியாது, பாத்ரூம் எங்க இருக்குன்னு தெரியாது, பழைய ஆளுங்க எல்லாம் ஒரு பக்கம் கூடி நின்னு போன வருஷத்து ஜோக்கை பேசி சிரிச்சிட்டிருக்காங்க. இவரு ஓரமா நின்னு போனை நோண்டுறாரு. அந்த நிமிஷத்துல ஒருத்தர் வந்து பேரைச் சொல்லிக் கூப்பிட்டு, இன்னைக்கு உங்க வேலை இது, இத்தனை மணிக்கு முடிஞ்சிடும், சந்தேகம்னா இவங்ககிட்ட கேளுங்கன்னு கூட ஒரு ஆளைக் காட்டி விட்டா போதும், அவரு அடுத்த தடவையும் வந்துடுவாரு. இதுக்கு காசு செலவில்ல. ஆனா முந்தின நாள் ராத்திரி உக்காந்து பிளான் பண்ணணும், யாரு எங்க, என்ன வேலை, எத்தனை மணி வரைக்கும்னு ஒரு பேப்பர்ல எழுதணும். அதைச் செய்யாம "நிறைய பேரு வரட்டும், வந்ததும் பார்த்துக்கலாம்"னு விடுறவங்கதான் ஜாஸ்தி.

நிறைய பேரு வந்தா நல்லதுதானேன்னு தோணும். ரிங்கல்மன்னு ஒரு பிரெஞ்சு விவசாய இன்ஜினியர், ஆளுங்களைக் கயிறு இழுக்க விட்டு எவ்வளவு பலம் போடுறாங்கன்னு அளந்து 1913ல வெளியிட்டாரு. தனியா இழுக்குறப்ப ஒருத்தர் போடுற பலம் 100ன்னு வச்சுக்கிட்டா, எட்டு பேரா சேர்ந்து இழுக்குறப்ப ஆளுக்கு அதுல பாதி அளவுதான் வந்துச்சு. கயிறை எல்லாரும் ஒரே நேரத்துல இழுக்க முடியாததும் ஒரு காரணம், ஆனா "நம்ம இழுக்கலன்னா யாருக்குத் தெரியப் போகுது"ங்கிற நினைப்பும் ஒரு காரணம்னு பின்னாடி வந்த ஆராய்ச்சிகள் காட்டுச்சு. ஊர் கூடித் தேர் இழுக்கணும்தான், ஆனா பத்து பேரு வேலைக்கு நாப்பது பேரைக் கூப்பிட்டா முப்பது பேரு ஒப்புக்குச் சப்பாணி. நம்ம இல்லன்னாலும் இது நடக்கும்னு ஒருத்தருக்குத் தோணிட்டா அப்புறம் எவ்வளவு பெரிய மேடை போட்டு பொன்னாடை போத்துனாலும் அந்த நினைப்பு போகாது. ஆள் கம்மியா இருந்து, ஒவ்வொருத்தருக்கும் இது என் பொறுப்புன்னு ஒண்ணு இருக்குற டீம்தான் கலகலப்பா இருக்கும், பார்த்திருக்கேன்.

அடுத்தது பாராட்டு. இங்கதான் எல்லாரும் பணத்தையும் பரிசையும் நினைக்கிறாங்க, அதனால முதல்ல அதை முடிச்சிடுவோம். யூரி நீஸி, ஆல்டோ ருஸ்டிகினின்னு ரெண்டு பொருளாதார ஆய்வாளருங்க இஸ்ரேல்ல ஒரு சோதனை பண்ணாங்க, 2000ல வெளிவந்துச்சு. வீடு வீடா போய் நல்ல காரியத்துக்கு நன்கொடை வசூலிக்கிற ஸ்கூல் பசங்களை மூணு பிரிவா பிரிச்சு, ஒரு பிரிவுக்கு இந்த வேலை எவ்வளவு முக்கியம்னு மட்டும் எடுத்துச் சொன்னாங்க. இன்னொரு பிரிவுக்கு அதோட சேர்த்து வசூல்ல 1 சதவீத அளவுக்கு பணம் தர்றோம்னாங்க, மூணாவது பிரிவுக்கு 10 சதவீதம். (நன்கொடைல இருந்து எடுக்கல, ஆராய்ச்சிக்காரங்க தனியா குடுத்த பணம்.) யாரு ஜாஸ்தி வசூலிச்சிருப்பாங்க? காசே வாங்காத பசங்க. 10 சதவீதக்காரங்க ரெண்டாவது, 1 சதவீதக்காரங்க கடைசி. காசு பேச்சு வந்த உடனே மண்டைக்குள்ள கணக்கு ஆரம்பிச்சிடுது, இந்த வெயில்ல இவ்வளவு தூரம் நடக்குறதுக்கு இந்த சில்லறையான்னு. அதுவரைக்கும் அது ஒரு நல்ல காரியமா இருந்துச்சு, இப்ப கூலி கம்மியான வேலையா ஆயிடுச்சு.

இதைப் படிச்சிட்டு "பார்த்தீங்களா, வாலன்டியருக்கு ஒரு பைசா குடுக்கக் கூடாது"ன்னு கிளம்பிடாதீங்க. பஸ் டிக்கெட், போன் ரீசார்ஜ், பிரிண்ட் அவுட் செலவெல்லாம் அவரு கைக்காசுல போகக் கூடாது. அது கூலி கிடையாது, அவரு நேரத்தைக் குடுக்குறாரு, அதோட பர்ஸையும் குடுன்னு கேக்குறது நியாயமில்ல. கேட்டு வாங்க கூச்சப்படுவாங்க, அதனால நீங்களே முன்னாடி சொல்லிடணும், பில்லை குடுங்க செட்டில் பண்ணிடுறோம்னு. காசு இருக்குறவன் மட்டும்தான் இங்க வாலன்டியரா இருக்க முடியும்னு ஆயிடக் கூடாது இல்லையா.

அப்ப எந்த மாதிரி பாராட்டுதான் வேலை செய்யுது? ரெக்கார்டிங் டீம்ல சேர்ந்து ஏழெட்டு மாசம் இருக்கும், ஒரு நாள் தெரியாத நம்பர்ல இருந்து கால். ஒரு பையன். அக்காதான் நம்பர் குடுத்திருக்காங்க, என்கிட்ட முதல்லயே கேட்டுட்டு. "அண்ணா, ஹிஸ்டரி வாசிச்சது நீங்கதானே, உங்க குரல் கேட்ட உடனே தெரிஞ்சிடுச்சு"ன்னான். அப்புறம் சொன்னான், "ஏழாவது பாடத்துல ஒரு மேப் வரும் அண்ணா, மத்தவங்க எல்லாம் 'இங்கு ஒரு வரைபடம் உள்ளது'ன்னு சொல்லிட்டு தாண்டிப் போயிடுவாங்க, நீங்க மட்டும் வடக்குல இருந்து ஆரம்பிச்சு ஒவ்வொண்ணா சொன்னீங்க, எக்ஸாம்ல அதுல இருந்துதான் கேட்டாங்க, நான் எழுதுனேன்." அந்த மேப்பை வார்த்தைல சொல்றதுக்கு நான் ஒரு சாயங்காலம் முழுக்க உக்காந்தது எனக்குத்தான் தெரியும். வேற யாருக்கும் தெரியாதுன்னு நினைச்சேன். போனை வச்சிட்டு ரொம்ப நேரம் அப்படியே உக்காந்திருந்தேன்.

இது எனக்கு மட்டும் நடக்குற விஷயம் இல்லங்கிறதுக்கு ஒரு நல்ல ஆராய்ச்சி இருக்கு. ஆடம் கிராண்ட்னு ஒரு அமெரிக்க சைக்காலஜிஸ்ட், கூட சில பேரு சேர்ந்து பண்ணது, 2007ல வந்துச்சு. ஒரு பல்கலைக்கழகத்துக்கு போன் பண்ணி நன்கொடை கேக்குற கால் சென்டர் ஆளுங்க, இவங்க வாலன்டியர் இல்ல, சம்பளத்துக்குத்தான் வேலை பார்த்தாங்க, அந்தப் பணத்துல ஸ்காலர்ஷிப் வாங்கிப் படிச்ச ஒரு ஸ்டூடண்ட்டை இவங்கள்ல கொஞ்சம் பேருக்கு மட்டும் சில நிமிஷம் நேர்ல சந்திக்க வச்சாங்க, அவ்வளவுதான் செஞ்சது. ஒரு மாசம் கழிச்சுப் பார்த்தா, சந்திச்சவங்க போன்ல பேசுன நேரம் 142 சதவீதமும் வசூலிச்ச பணம் 171 சதவீதமும் ஏறியிருந்துச்சு. அதே ஸ்டூடண்ட்டோட லெட்டரை மட்டும் படிச்சவங்ககிட்ட இந்த ஏத்தம் இல்ல. நேர்ல ஒரு முகத்தைப் பார்க்குறதுக்கும் பேப்பர்ல படிக்கிறதுக்கும் இருக்குற தூரம் அது.

அதே ஆடம் கிராண்ட் 2010ல பிரான்செஸ்கா ஜினோங்கிறவங்களோட சேர்ந்து நன்றி சொல்றதைப் பத்தி இன்னொண்ணு பண்ணாரு. ஒரு ஸ்டூடண்ட் அனுப்புன அப்ளிகேஷன் லெட்டரைப் படிச்சு ஆளுங்க கருத்து சொல்றாங்க, பதிலுக்கு பாதிப்பேருக்கு "கிடைச்சுது"ன்னு மட்டும் மெசேஜ், மீதிப்பேருக்கு மனசார நன்றி சொல்லி மெசேஜ். அப்புறம் வேற ஒரு ஸ்டூடண்ட் வந்து உதவி கேக்குறான். வெறும் "கிடைச்சுது" வாங்குனவங்கள்ல 25 சதவீதம் பேரு உதவுனாங்க, நன்றி வாங்குனவங்கள்ல 55 சதவீதம். நல்லா கவனிங்க, நன்றி சொன்னது ஒருத்தன், உதவி கிடைச்சது வேற ஒருத்தனுக்கு. ஏன் இப்படின்னு தோண்டிப் பார்த்தா, நன்றி வாங்குனவங்களுக்கு "நான் பெரிய திறமைசாலி"ன்னு தோணதால உதவல, "என்னோட உதவிக்கு இவங்ககிட்ட மதிப்பு இருக்கு"ன்னு தோணதாலதான் உதவியிருக்காங்க. அதனால "சூப்பர், நீங்க வேற லெவல்"னு புகழ்றதை விட "நீங்க செஞ்சதால எங்களுக்கு இது நடந்துச்சு"ன்னு சொல்றதுக்குத்தான் பவர் ஜாஸ்தின்னு எனக்குத் தோணுது.

இப்ப வாட்ஸ்அப் குரூப்ல வர்ற அந்த மெசேஜை நினைச்சுப் பாருங்க, "அனைத்து தன்னார்வலர்களுக்கும் மனமார்ந்த நன்றி", பக்கத்துல மூணு கும்பிடு எமோஜி. நாள் முழுக்க வெயில்ல நின்னவருக்கும் அதே மெசேஜ், வந்து செல்ஃபி எடுத்துட்டுப் போனவருக்கும் அதே மெசேஜ். எல்லாருக்கும் பொதுவா சொன்ன நன்றி யாருக்கும் போய்ச் சேராது. அதுக்குப் பதிலா தனி மெசேஜ்ல ரெண்டே வரி, "நேத்து அந்தப் பாட்டி ஃபார்ம் புரியாம திணறுனப்ப நீங்க பக்கத்துல உக்காந்து நிதானமா எழுதிக் குடுத்தீங்களே, நான் பார்த்தேன், அவங்க போறப்ப உங்களைத்தான் தேடுனாங்க." இது போதும். நாப்பது பேருக்கு எப்படி தனித்தனியா எழுதுறதுன்னு கேப்பீங்க. எழுத முடியாதுதான், அதனாலதான் ஆள் கம்மியா வைங்க, ஒவ்வொரு அஞ்சாறு பேருக்கும் ஒரு லீடர் வைங்கன்னு சொல்றது. யாரு என்ன செஞ்சாங்கன்னு பார்த்தவங்கதான் அப்படி எழுத முடியும், கவனிக்கவே இல்லன்னா நன்றியில என்னன்னு எழுதுறது?

அப்ப பேட்ஜ், மெடல், சர்டிபிகேட் எல்லாம் வேஸ்ட்டான்னா, அதுவும் இல்ல. விக்கிப்பீடியால எழுதுறவங்க எல்லாம் காசு வாங்காம எழுதுறவங்கதான், அங்க ஒருத்தருக்கொருத்தர் நல்லா செஞ்சீங்கன்னு ஒரு நட்சத்திரப் படம் குடுத்துக்குவாங்க, பார்ன்ஸ்டார்னு பேரு. பைசா பெறாது, ஒரு படம், கீழ ரெண்டு வரி. ரெஸ்டிவோ, வான் டெ ரைட்னு ரெண்டு ஆராய்ச்சியாளருங்க 2012ல வெளியிட்ட சோதனைல, அதிகமா எழுதுற 1 சதவீதம் பேருல சிலருக்கு குலுக்கல் மாதிரி தேர்ந்தெடுத்து அதைக் குடுத்துப் பார்த்தாங்க, கிடைக்காதவங்களோட ஒப்பிட்டா கிடைச்சவங்க அடுத்த 90 நாள்ல 60 சதவீதம் ஜாஸ்தி எழுதுனாங்க. என்ன விசேஷம்னா, இது கூட வேலை செய்யுற ஒருத்தர், எதிர்பார்க்காத நேரத்துல, தேடி வந்து குடுத்தது. மேடைல பேரு தப்பா கூப்பிட்டு, தலைவர் பேசி முடிக்கிற வரைக்கும் ரெண்டு மணி நேரம் உக்கார வச்சு குடுக்குற ஷீல்டு வேற ஜாதி.

கேலக்ஸி ஜூ (Galaxy Zoo)ன்னு ஒரு ப்ராஜெக்ட் இருக்கு, 2007ல ஆரம்பிச்சது. டெலஸ்கோப் எடுத்த லட்சக்கணக்கான கேலக்ஸி (நட்சத்திரக் கூட்டம்) படங்களை பொதுமக்கள் வாலன்டியரா பார்த்து இது சுருளா இருக்கா, உருண்டையா இருக்கான்னு சொல்லணும். முதல் வருஷத்துலயே ஒண்ணரை லட்சம் பேரு சேர்ந்து 5 கோடி தடவைக்கு மேல வகைப்படுத்திட்டாங்க. அதுல ஹன்னி வான் ஆர்கெல்னு நெதர்லாந்துல ஒரு ஸ்கூல் டீச்சர், ஒரு கேலக்ஸி பக்கத்துல விநோதமா ஒரு திட்டு தெரியுது, இது என்னன்னு கேட்டாங்க. விஞ்ஞானிங்க அந்தக் கேள்வியை ஒதுக்காம எடுத்து ஆராய்ஞ்சா அது அதுவரைக்கும் பார்த்திராத மாதிரி ஒரு வாயு மேகம். இன்னைக்கும் அதுக்குப் பேரு ஹன்னீஸ் வோர்வெர்ப், டச்சுல வோர்வெர்ப்னா பொருள், ஹன்னியோட பொருள். வாலன்டியர் ஒரு கேள்வி கேட்டா "உங்களுக்குக் குடுத்த வேலையை மட்டும் பாருங்க"ன்னு சொல்லாம காது குடுத்தா என்ன ஆகும்ங்கிறதுக்கு இதை விட நல்ல உதாரணம் எனக்குத் தெரியல. வேலையைக் கிட்ட இருந்து பார்க்குறவருக்குத்தான் எங்க இடிக்குதுன்னு தெரியும். அவரு சொன்னதை ஏத்துக்கிட்டு ஒரு சின்ன மாத்தம் பண்ணி, "நீங்க சொன்னதுதான் இது"ன்னு பேரு போட்டு சொன்னா, அதுவும் பாராட்டுதான், அதுவும் கொஞ்சம் கனமான பாராட்டு.

நல்லா வேலை பார்க்குறவங்களைப் பத்தியும் ஒண்ணு சொல்லணும். எல்லா டீம்லயும் ஒருத்தர் இருப்பாரு, எப்ப கூப்பிட்டாலும் வருவாரு, எதுக்கும் முடியாதுன்னு சொல்ல மாட்டாரு. உடனே எல்லா வேலையும் அவரு தலையில. முதல்ல பெருமையா இருக்கும், அப்புறம் பாரமா இருக்கும், அப்புறம் ஒரு நாள் போனை எடுக்க மாட்டாரு. நேத்து வரைக்கும் தூணா இருந்தவரு ஏன் போனாருன்னு யாருக்கும் புரியாது. கறிவேப்பிலை மாதிரி நம்மளை யூஸ் பண்ணிட்டாங்கன்னு அவரு வீட்ல சொல்லிட்டிருப்பாரு. இதுக்கு ஒரே வழி, வேலைக்கு ஒரு எல்லை வைக்கிறது. மூணு மாசம், வாரத்துக்கு ரெண்டு மணி நேரம்னு முதல்லயே பேசிடணும், மூணு மாசம் முடிஞ்சதும் "தொடரலாமா, வேற வேலைக்கு மாறணுமா, பிரேக் வேணுமா"ன்னு கேக்கணும். முடிவு தேதி தெரிஞ்சா சேர பயப்படுறவங்களும் தைரியமா சேருவாங்க, காலத்துக்கும் மாட்டிக்குவோமோன்னு யோசிக்கிறவங்கதான் நிறைய.

புதுசா சேரப் போறவங்களுக்கு, நீங்களும் கேக்கலாம், கேக்கணும். நான் என்ன வேலை செய்வேன், எத்தனை மணி நேரம், யாரு எனக்கு சொல்லிக் குடுப்பாங்க, நான் செஞ்சது யாருக்குப் போய்ச் சேருதுன்னு எனக்குத் தெரிய வருமா. இதுக்கு தெளிவா பதில் சொல்ற இடத்துல சேருங்க. "வாங்க பார்த்துக்கலாம்"னு சொன்னாங்கன்னா, போங்க, ஆனா நாற்காலி தூக்குற மாதிரி சட்டை போட்டுட்டுப் போங்க. ஒரு இடம் பிடிக்கலன்னா உங்களுக்கு சேவை மனசே இல்லன்னு முடிவு பண்ணிடாதீங்க, இடம் மாத்திப் பாருங்க, வேலையை மாத்திப் பாருங்க. கூட்டத்தைக் கண்டாலே ஒதுங்குறவரு வெப்சைட் பார்த்துக்கலாம், மொழிபெயர்க்கலாம், கணக்கு எழுதலாம். அப்புறம், முடியலன்னா முடியலன்னு முன்கூட்டியே சொல்லிடுங்க, கடைசி நிமிஷத்துல காணாம போறது கூட வேலை செய்யுறவங்க தலையிலதான் விடியும்.

டிசம்பர் 5 சர்வதேச தன்னார்வலர் நாள்னு ஐநா சபை 1985ல அறிவிச்சது. அன்னைக்கு வாழ்த்து மெசேஜ் நிறைய வரும், வரட்டும், நல்லதுதான். ஆனா எனக்கு ஞாபகத்துல நிக்கிற மெசேஜ் அன்னைக்கு வந்தது இல்ல. நடுவுல எனக்கு தொண்டைல பிரச்சனை, டாக்டர் ஜாஸ்தி பேசக் கூடாதுன்னுட்டாரு, பாதி புக்குல நிறுத்திட்டு அக்காகிட்ட சொன்னேன், ரொம்ப சங்கடமா இருந்துச்சு. "மீதியை வேற ஆள்கிட்ட குடுத்துடுறேன், நீங்க கவலைப்படாதீங்க"ன்னாங்க. அதுக்கப்புறம் எப்ப வர்றீங்கன்னு ஒரு தடவை கூட கேக்கல. ரெண்டு மாசம் கழிச்சு ஒரு மெசேஜ், "தொண்டை எப்படி இருக்கு? நீங்க விட்ட இடத்துல இருந்து வாசிச்சவங்க மேப் வந்தப்ப உங்க பழைய ரெக்கார்டிங்கைக் கேட்டுட்டு அதே மாதிரி சொல்லியிருக்காங்க." அவ்வளவுதான் மெசேஜ். குரல் சரியாக இன்னும் நாலு மாசம் ஆச்சு. சரியான வாரமே போய் நானே கேட்டு அடுத்த புக்கை வாங்கிட்டு வந்தேன், இந்தத் தடவை ஜியாக்ரஃபி, பக்கத்துக்குப் பக்கம் மேப்.